இல்லாத காலுக்கு ஒரு பயிற்சி

போன மாதம் ஒரு காலை. என் தம்பி வீட்டுப் பின்வாசல் படியில் நின்றிருந்தேன். முன்பாதம் மட்டும் படியில். இரண்டு குதிகாலும் அந்தரத்தில். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, குதிகாலைக் கீழே இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த பக்கத்து லயத்து வரிசை வீட்டு மேரியக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், எலியைப் பாத்தீகளா?"

"இல்லக்கா. குதிரை ஏறுறதுக்குப் பயிற்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கொட்டகையில் புல் தின்றுகொண்டிருந்த குதிரையையும் பார்த்தார். யாருக்காக அதிகம் வருத்தப்பட்டார் என்று தெரியவில்லை. "நல்லா வருவீக" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் வண்டிப்பெரியார் பக்கம் "நல்லா வருவீக" என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டுமா?

பயப்படாதீர்கள். இந்த வயதில், இந்த உடம்போடு, நான் குதிரை ஏறப் போவதில்லை. பயிற்சி என் தம்பி ஸ்டீபனுக்கு. தனியாகச் செய்ய வெட்கப்பட்டான். "நீங்களும் கூட நின்னு செய்ங்க மதினி, அப்பத்தான் செய்வாக" என்று அவன் மனைவி பிலோமினா கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் லீவு. நானும் நின்றேன்.

ஸ்டீபனைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். டூரிஸ்டுகளைக் குதிரையில் ஏற்றித் தேயிலைக் காட்டுக்குள் கூட்டிப்போவது அவன் தொழில். மற்ற குதிரைகள் வேறொருவருடையவை. முன்னால் வழிகாட்டிப் போகிற பெண்குதிரை மஞ்சு மட்டும் இவனுடையது. அதன் முதுகில் இவன் உட்கார்ந்தால் போதும், பின்னால் வருகிற குதிரைகள் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

போன வருடம் மழையில் இவன் போன ஜீப் சரிந்தது. இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். விஷம் மேலே ஏறத் தொடங்கியதும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி — "மஞ்சுவுக்கு யாரு தண்ணி காட்டுறா?"

அந்த மஞ்சுதான் இப்போது பிரச்சினை. இவனைத் தவிர யார் ஏறினாலும் அது அசையாமல் நிற்கும், இல்லையென்றால் ஏறியவரை இறக்கிவிடும். ஒருவர் ஏலச்செடிக்குள் போய் இறங்கினார். வேலை செய்யாத குதிரைக்கு எத்தனை காலம் தீனி போட முடியும்? கொல்லங்கோட்டிலிருந்து ஆறுச்சாமி என்பவர் வந்து பார்த்து, மஞ்சுவை விலைக்குக் கேட்டார். நல்ல மனிதர். பிலோ அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"கல்லறைத் திருநாள் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை அவர் திரும்ப வருவாராம். அதுக்குள்ள நீங்க ஏறிப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்துட்டீகன்னா மஞ்சு இங்க. இல்லைன்னா அங்க. பெறகு பேசக்கூடாது."

ஸ்டீபன் சரி என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

செயற்கைக் கால் இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு ஏறலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மஞ்சு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த பிளாஸ்டிக் கால் விலாவில் பட்டதும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பின்வாங்கியது. அதைக் கழற்றிவிட்டு வெறும் முழங்காலோடு கிட்டே போனால் கழுத்தை நீட்டி முகர்ந்து பார்க்கிறது. ஆகவே அது இல்லாமல்தான் ஏற வேண்டும்.

குதிரை மேல் உட்கார்வது பெரிய காரியமில்லை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சினிமாவில் எல்லோரும் சும்மாதானே உட்கார்கிறார்கள்! உண்மையில் குதிரையோடு பேசுவது கடிவாளம் இல்லை, கால். காது, தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். விரல் முன்னால் பார்க்க வேண்டும். குதிகால் இறங்கியிருக்க வேண்டும். இடது காலால் மெல்ல அழுத்தினால் குதிரை வலப்பக்கம் நகரும். வலது காலால் அழுத்தினால் இடப்பக்கம். விரல் வெளியே திரும்பிவிட்டாலோ, அழுத்தம் தப்பான இடத்தில் விழும். குதிரைக்கு நாம் சொல்வது புரியாது.

இதையெல்லாம் குதிரை மேல் ஏறித்தான் பழக வேண்டும் என்றில்லை. தரையிலேயே பழகலாம். படிக்கட்டில் குதிகாலை இறக்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதம் நேராக வைத்து, முழங்காலை மடக்கி நிற்பது. தொடைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டை வைத்து நழுவாமல் பிடிப்பது. குப்புறப் படுத்து இடுப்பு மூட்டை இளக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக... டிரம்.

பழைய டீசல் டிரம் ஒன்றைப் படுக்கப்போட்டு, அசையாமல் இருக்க இருபுறமும் மரக்கட்டை அடித்து, அதன் மேல் மஞ்சுவின் சேணத்தைக் கட்டினோம். ஸ்டீபன் ஏறி உட்காருவான். நான் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கடன் வாங்கி வந்து, அவன் காதுக்கு நேராகப் பிடிப்பேன். நூல் குதிகாலில் போய்த் தொட வேண்டும். வலது பக்கம் தொட்டது.

இடது பக்கம் எதைத் தொட? முழங்காலுக்குக் கீழே நூல் வெறும் காற்றில் ஆடியது. அந்தப் பக்கம் பிடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"பிடிக்கா" என்றான். "இந்தப் பக்கமும் பிடி."

தாலுகா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். இல்லாத காலையும் இருப்பதாக நினைத்து, அதன் குதிகாலையும் இறக்க வேண்டுமாம். தொடையும் இடுப்பும் அப்போதுதான் சரியாக வேலை செய்யுமாம். நியாயம்தான். நான் இடது பக்கமும் நூலைப் பிடித்தேன்.

"நேரா இருக்காக்கா?"

என்ன சொல்வது? "நீதான்டா சொல்லணும்."

"இல்ல... நேரா இல்ல." பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ திருப்ப முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "விரல் வெளிய திரும்பியே இருக்குக்கா. உள்ள கொண்டுவரவே முடியல. பெருவிரல் வேற நசுங்குது. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதுல இருந்தே இப்படித்தான் இருக்கு."

வெட்டி எடுத்த கால் வலிக்கும் என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு. காலில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே "விரல் திரும்பியிருக்கிறது" என்று ஒருவன் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்பது வேறு. நான் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த டிரம்மைக் கவனிக்கத் தொடங்கினேன். ஐப்பசியில் எங்கள் பக்கம் எல்லாப் பொருளும் வியர்க்கும். பாத்திரம், சுவர், பைபிள் அட்டை... இரும்பு டிரம்மைக் கேட்கவே வேண்டாம், காலையில் முழுக்க முத்து முத்தாக நீர் பூத்திருக்கும். ஸ்டீபன் உட்கார்ந்து எழுந்தால் வலது பக்கம் அவன் கெண்டைக்கால் பட்ட இடம் மட்டும் துடைத்தாற்போல் இருக்கும். சரி. இடது பக்கம்?

இடது பக்கமும் துடைத்திருந்தது. சேணத்துக்குக் கீழே, முழங்கால் முடிகிற இடத்துக்கும் கீழே, சற்று வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல் ஒரு நீண்ட தடம்.

கயிறு உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கயிற்றை எடுத்து மறுபக்கம் போட்டேன். மறுநாளும் தடம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிலோ பயப்படுவாள் என்று நினைத்தேன். பொய். எனக்குத்தான் பயமாக இருந்தது.

ஒருநாள் ஸ்டீபன் அவனுடைய கம்பூட்ஸைக் கேட்டான். இங்கே அட்டைக்கடிக்குப் பயந்து எல்லோரும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ்தான் போடுவார்கள். ஸ்டீபன் குதிரை ஓட்டுவதும் அதில்தான். "வலது காலுக்கு மட்டும் போதும்க்கா, சேணத்து வளையத்துக்குள்ள வெறுங்காலை விட்டா வழுக்குது" என்றான். மச்சில் ஏறித் தேடினேன். ஒற்றைப் பூட்ஸ் கிடந்தது. பிலோ நல்லவள், உதவாததைத் தூக்கிப் போட்டுவிட்டு உதவுகிறதை வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே பூரான் இருக்குமோ என்று கவிழ்த்துத் தட்டினேன். பிறகு எனக்கே ஓர் ஆசை. நாமும் ஒரு தடவை போட்டுப் படியில் நின்று பார்ப்போமே! வலது காலை உள்ளே விட்டேன். பெரிய பூட்ஸ்தான், தாராளமாகப் போனது. ஆனால் எழுந்து நின்றதும் பெருவிரல் நசுங்கியது. பூட்ஸின் மூக்கு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது. எவ்வளவு திருகியும் முன்னால் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். அது இடது கால் பூட்ஸ்.

பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பிலோ மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிலோ, ஸ்டீபனோட வலது பூட்ஸ் எங்க?"

"அதுதான மதினி உங்க கையில இருக்கு? இன்னொண்ணு அந்தக் காலோட போயிருச்சு."

"எந்தக் காலோட?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். எடுத்த காலை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி இவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் அப்போது ஸ்டீபன் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். இவளும், மணியடிப்பது முதல் குழி வெட்டுவது வரை பார்க்கிற கோயில்பிள்ளை மிக்கேல் அண்ணனும் அதைக் கொண்டுவந்து எங்கள் குடும்பக் கல்லறை ஓரத்தில் புதைத்திருக்கிறார்கள். அதுவரை எனக்குத் தெரியும்.

"வெறுங்காலா எப்படி மதினி மண்ணுல வைக்க? நம்ம ஆளுகளை அப்படி வைப்பமா?"

வைக்க மாட்டோம். எங்களில் இறந்தவருக்குக் காலுறை, ஷூ எல்லாம் போட்டுத்தான் பெட்டியில் வைப்போம். ஏழையாக இருந்தாலும் இரவல் ஷூவாவது உண்டு. பிலோ ஓடிவந்து வாசலில் கிடந்த பூட்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கட்டுப் போட்ட கால். துணி மேல் துணி. எது பெருவிரல், எது சுண்டுவிரல் என்று தெரியாது. கண்ணில் வேறு தண்ணீர். இழுத்து மாட்டிவிட்டாள்.

"இடது காலுக்கு இடது பூட்ஸைத்தான்..." என்றவள் நின்றாள். என் கையில் இருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தன் இடது பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மதினி... அவுக விரல் நசுங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காகளே."

பூட்ஸைக் கீழே வைத்தாள்.

"ஒரு வருஷமா சொல்லுதாக. நான் மாத்திரையைக் குடுத்துக் குடுத்துப் படுக்க வச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இதெல்லாம் தற்செயல் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நான் டீச்சர். நரம்பு, மூளை, ஞாபகம் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "சரி மதினி. ஆனா மாத்திப் போட்டுட்டா என்ன நட்டம்?"

என்ன நஷ்டம்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஃபாதரிடம் போனோம். இளம் ஃபாதர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தடவினார். "கல்லறையைத் தோண்ட நான் அனுமதி குடுக்க முடியாதும்மா" என்றார். பிலோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "திருநாளுக்கு முன்னாடி எல்லாரும் கல்லறையச் சுத்தம் பண்ணுவாங்க, மண்ணைக் கொத்திச் சீர் பண்ணுவாங்க. அதை நான் போய் ஒவ்வொண்ணா அளந்து பாக்கிறதில்ல" என்றார். நல்ல மேய்ப்பர்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை. எஸ்டேட் சனம் முழுக்கக் கல்லறையில்தான் இருந்தது. மண்வெட்டிச் சத்தம், சுண்ணாம்பு வாடை, பூக்கூடைகள். பனிமூட்டம் இறங்கியிருந்ததால் நாலு கல்லறைக்கு அப்பால் இருப்பவர் குரலாக மட்டும் இருந்தார். எங்கள் இடத்தில் அப்பாவின் சிலுவைக்கு ஓரமாக ஒரு சின்ன மரச்சிலுவை. அதில் பெயர் இல்லை. எப்படி எழுதுவது? பெயருக்குரியவன் வீட்டில் டிரம் மேல் உட்கார்ந்திருக்கிறானே.

மிக்கேல் அண்ணன் கொத்தினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த பெட்டி. மழையில் ஊறிக் கருத்திருந்தது. பலகை பெயர்கிற சத்தம் கேட்டதும் நான் திரும்பி நின்றுகொண்டேன். என் தைரியம் அவ்வளவுதான். பிலோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் மண்டியிட்டாள். "இயேசுவே, இயேசுவே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் மூச்சுப் பிடித்து எதையோ இழுப்பது கேட்டது.

என் செல்போன் அடித்தது. ஸ்டீபன்.

"எங்கக்கா இருக்க?"

"கோயில்ல. ஏன்டா?"

"பிலோவும் அங்கதான?"

"ஆமா."

அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நான் டிரம்மு மேல உக்காந்திருக்கேன். வீட்டுல யாருமில்ல. கதவும் சாத்தித்தான் இருக்கு." குரல் இன்னும் தாழ்ந்தது. "யாரோ என் காலைப் பிடிச்சு இழுக்காங்கக்கா."

"எந்தக் காலை?" என்று கேட்டேன். இதைவிட முட்டாள்தனமான கேள்வியை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

எனக்குப் பின்னால், குழிக்குள், பிலோ இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"வலிக்கல... கை சூடா இருக்கு." பிறகு ஆச்சரியப்படுகிறவன் போலச் சொன்னான். "பயமாவும் இல்லக்கா. தெரிஞ்ச கை மாதிரி இருக்கு."

போன் கட்டாகிவிட்டது. எங்கள் மலையில் சிக்னல் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்திலாவது எல்லாம் வழக்கம்போல் இருந்ததில் எனக்கு ஆறுதல்.

"மதினி, கழட்டிட்டேன்" என்றாள் பிலோ. "அந்தப் பூட்ஸைக் குடுங்க."

திரும்பாமலே பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது இன்னும் மோசம். "மதினி, நீங்கதான் தெனம் பாக்கீக. நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இனி ஒரு தடவை தோண்ட முடியாது."

என்ன செய்ய? திரும்பினேன். பெட்டிக்குள் கறுப்பு ரப்பர் பூட்ஸ், வெளுத்த துணிச்சுருள், ஈரமண். நான் எதிர்பார்த்துப் பயந்தது எதுவும் இல்லை. ஒரு கால் படுத்திருந்தது, அவ்வளவுதான். விரல் நேராக வானத்தைப் பார்த்திருந்தது.

"நேரா இருக்கு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஒரு மாதப் பழக்கம் விடுமா? "குதிகாலை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கு" என்றேன்.

பிலோ இறக்கிவைத்தாள். மிக்கேல் அண்ணன் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே மண்ணைத் தள்ளினார்.

கழற்றிய வலது பூட்ஸைப் பிலோ கோயில் குழாயடியிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ரப்பர் அல்லவா, ஒன்றும் ஆகவில்லை. வீசி எறிந்துவிடு என்று நான் சொன்னேன். "நல்ல பூட்ஸு மதினி" என்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் காயவைத்தாள். ஸ்டீபன் வந்து பார்த்தான். "கெடச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு எடுத்து வலது காலில் மாட்டிக்கொண்டான். நானும் பிலோவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்று மாலை டிரம் மேல் ஏறியவன், "விரல் உள்ள வந்துருச்சுக்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஆறுச்சாமி வாசலில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வந்துட்டனுங்க அம்மிணி. அவசரமில்லீங்க. தம்பி ஏறிப் பாக்கட்டுமுங்க. ஏறிட்டா எனக்குஞ் சந்தோசந்தானுங்க."

மனதார அப்படிச் சொன்னார் என்று நம்புகிறேன்.

ஸ்டீபன் டிரம்மில் கால் வைத்து மஞ்சு மேல் ஏறினான். வலது கால் வளையத்துக்குள். இடது பக்க வளையத்தைக் கழற்றிவிட்டிருந்தான். மஞ்சு காதைப் பின்னால் திருப்பி எதையோ கேட்டது. பிறகு நடந்தது. பிலோ வெளியே வரவில்லை. ஜெபமாலையோடு அடுப்படியில் இருந்தாள். நானும் ஆறுச்சாமியும் வீட்டுக்கு மேலே திட்டில் ஏறி நின்றுகொண்டோம். அங்கிருந்து பாலம் வரை பாதை தெரியும்.

போகும்போது ஒன்றுமில்லை. நன்றாகப் போனான். பாலத்தைத் தொட்டுத் திரும்பினான். என் மூச்சு சீராகத் தொடங்கியது. திரும்பி வரும் பாதைக்கு வலப்பக்கம் தேயிலை மேடு. இடப்பக்கம் சரிவு, கீழே ஆறு. நடுவில், எங்களுக்கு எதிரே தெளிவாகத் தெரிகிற ஒரு வளைவு. அந்த வளைவில், தேயிலை மேட்டுக்குப் பின்னாலிருந்து, ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு டிராக்டர் எதிரே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிராக்டருக்கு என்ன வேலை? கேட்டுப் பயனில்லை. மஞ்சு மிரண்டது. தலையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கியது... இடப்பக்கமாக. சரிவின் பக்கமாக. அதன் பின்னங்கால் பட்டு மண் உதிர்ந்து கீழே போனது எங்களுக்குத் தெரிந்தது.

கடிவாளத்தை இழுத்தால் இன்னும் பின்னால் போகும். இந்த ஒரு மாதத்தில் எனக்கே அது தெரியும். செய்ய வேண்டியது ஒன்றுதான். இடது காலால் அழுத்தி அதை வலப்பக்கம் தள்ள வேண்டும். இடது காலால்!

"யேசப்பா" என்று கத்தினேன்.

ஸ்டீபன் கத்தவில்லை. கடிவாளத்தையும் இழுக்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தான். மஞ்சுவின் விலா — இடது விலா — ஒரு கணம் உள்வாங்கியது. தொட்டால் குதிரை விலா அப்படித்தான் உள்வாங்கும். பிறகு அது முன்னங்காலை மாற்றிவைத்து, பின்னங்காலை மாற்றிவைத்து, நிதானமாக வலப்பக்கம் நகர்ந்து தேயிலை மேட்டோடு ஒட்டி நின்றது. டிராக்டர் கடந்து போனது.

நான் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால்கள் நிற்கவில்லை. என்னுடைய கால்கள், இரண்டும் இருக்கிற கால்கள்.

ஆறுச்சாமி உட்காரவில்லை. அவர் பிறந்ததிலிருந்து மாட்டோடும் குதிரையோடும் இருப்பவர். கண்ணைச் சுருக்கி அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி... தம்பிக்கு அந்தப் பக்கந்தானுங்களே காலு இல்ல?"

"ஆமாங்க."

"குதிரை நவுந்துச்சுங்களே. காலு வெச்சு நவுத்துன மாதிரியே நவுந்துச்சுங்களே."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீ சாப்பிடச் சொன்னேன். வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார். "குதிரை இங்கியே இருக்கட்டுமுங்க. அது எங்கூட்டுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டீபன் திரும்பி வருவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஸ்டீபன் இறங்கியதும் பிலோ ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெட்டி, பூட்ஸ், குழி, எல்லாம். நான் பயந்துகொண்டே பார்த்தேன். அவன் வலது காலில் இருந்த பூட்ஸைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப ஒரு வருஷமா ஒத்தக் காலுக்குப் பூட்ஸை மாத்திப் போட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேனாடி?" என்றான். சிரித்துக்கொண்டே அழுதான். பிலோவும் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பிலோவிடமும் அவனிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாரம் பிசியோதெரபிப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழகாகச் சிரித்தாள். "டீச்சர், கால் போனாலும் மூளையில அந்தக் காலோட இடம் காலியாகாது. தினமும் பயிற்சி செய்யச் செய்ய, திரும்பியிருந்த பாதம் நேரா வந்திருக்கு. போன் வந்ததெல்லாம் தற்செயல். அந்த வளைவுல தொடையால அழுத்தியிருப்பார்" என்றாள். படித்த பெண். நானும் படித்தவள். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் வரும் வரை யோசித்தேன். என் தம்பியின் மூளை அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்...

மஞ்சுவுக்கு அதை யார் சொன்னது?